வெட்டுண்ட விரலும் நாயின் காலும்

சென்ற மாதம் ஒரு தோழர் வீட்டுக் காரியத்தை முன்னிட்டு நாம் பூம்புகார் சென்றிருந்தபோது, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு டீக்கடையில் சிறிது நேரம் தங்க நேர்ந்தது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு வாலிபருக்கு வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இல்லை. கிளாசை அவர் இடது கையால் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் விசாரித்தோம். மரம் அறுக்கும் பட்டறையில் வேலை செய்து வந்தாராம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் பகலில் சுழல் ரம்பத்தில் கை போய்விட்டது. கூட இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள். விரல்களைத் தேடி எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடி, மீனை ஐஸில் புதைப்பதுபோலவே அவைகளையும் புதைத்து, பெட்டியோடு தூக்கிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார்கள். முதல் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அடுத்த ஊருக்குப் போகச் சொன்னார்களாம். அடுத்த ஊரில் அதற்கடுத்த ஊருக்கு. கடைசியாய்ப் போய்ச் சேர்ந்த இடத்து டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, "நேரே ஐஸில் போட்டு விறைக்க வைத்துவிட்டீர்களே, நேரமும் கடந்துவிட்டதே, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டாராம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் "தலையெழுத்து" என்றார். ஒரு அம்மாள், "அப்போதே வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கலாம்" என்றார். வயதான பெரியவர் ஒருவர் மாத்திரம் வேறு மாதிரிப் பேசினார். "அறுந்த விரலை ஒட்டவைக்கிறார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன் ஐயா. ஆனால் அந்த வித்தையை நாயையும் முயலையும் உயிரோடு அறுத்துப் பார்த்துக் கற்றார்களாமே! வாயில்லா ஜீவனை வதைத்துக் கற்ற வித்தையில் ஒட்டிய விரல் விளங்குமா? உங்கள் பகுத்தறிவு இதற்கு என்ன சொல்லுகிறது?" என்று நம்மையே கேட்டுவிட்டார்.

கேள்வி நல்ல கேள்வி. பஸ் வரும் நேரத்தில் நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடியதல்ல. ஆதலால் இங்கு எழுதுகிறோம்.

முதலாவதாக, பெரியவர் சொன்னது உண்மை. நாயை அறுத்தார்கள், முயலின் காதை அறுத்து மறுபடி ஒட்டிப் பார்த்தார்கள், குரங்கின் கால்விரலை எடுத்து அதன் கையில் வைத்துப் பார்த்தார்கள், எலியின் காலை இன்றும் அறுத்துப் பார்க்கிறார்கள். இதை மறைப்பதனாலோ, "அதுகளுக்கு வலி தெரியாது" என்று மழுப்புவதனாலோ பகுத்தறிவுக்கு யாதொரு லாபமும் இல்லை. வலி தெரியும். தெரியும் என்பதனால்தான் மயக்க மருந்து கொடுக்கிறார்கள்.

ஆனால் அறுந்ததை ஒட்டவைக்கும் காரியத்தில் மிருகத்தைப் பலி கொடுப்பது டாக்டர்கள் புதிதாய்க் கண்டுபிடித்த பாவம் என்று மாத்திரம் யாரும் சொல்லிவிட முடியாது. செம்பனார்கோயிலுக்குப் பக்கத்தில் பரசலூர் என்ற ஊர் இருக்கிறது. தட்சன் தலையை வீரபத்திரர் அறுத்த இடம் அதுதான் என்று ஸ்தல புராணம் சொல்லுகிறது. அறுத்த தலைக்குப் பதில் எதை வைத்தார்கள்? ஒரு ஆட்டின் தலையை. அந்த ஆடு எந்த யாகத்தில் யாரை அவமதித்தது? பிள்ளையார் கழுத்தில் யானைத் தலை இருக்கிறது. அந்தத் தலையைக் கொடுத்துவிட்டு முண்டமாய்க் கிடந்த யானையைப் பற்றி நமது ஜீவகாருண்யப் புலிகள் எந்தக் காலத்திலாவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதுண்டா? இதே காவிரி நாட்டில் திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் பெற்ற பிள்ளையையே அறுத்துக் கறி சமைத்தார் என்றும், கூப்பிட்டவுடன் பிள்ளை முழுசாய் ஓடிவந்தது என்றும் கதை. எந்த நரம்பை எதோடு சேர்த்தார்கள், இரத்தம் எப்படி ஓடிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் நாஸ்திகன். ஆடும் யானையும் செத்த கதையைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நாம், மயக்க மருந்து கொடுத்துச் செய்த பரீட்சையைக் கேட்டால் மாத்திரம் காதைப் பொத்திக்கொள்ளுகிறோம்.

நிற்க, பழைய ஏட்டில் இருப்பது எல்லாமே பொய் என்று சொல்லுவது நமது வழக்கமல்ல. சுசுருதர் பேரால் வழங்கும் வைத்திய நூலில், அறுபட்ட மூக்கைப் பக்கத்துத் தோலைக் கொண்டு திருத்தும் முறை உண்டு. அதைவிட நாம் மெச்சுவது, சிஷ்யன் நோயாளிமேல் கத்தி வைப்பதற்கு முன் பூசணி, வெள்ளரி முதலிய காய்களிலும், தண்ணீர் நிறைத்த தோல்பையிலும், செத்த மிருகத்தின் நரம்பிலும் பழகவேண்டும் என்று அதில் சொல்லியிருப்பதையே. மாதிரியில் பழகிவிட்டு மனிதனிடம் வா என்பது எவ்வளவு நல்ல புத்தி! அந்த நல்ல புத்தி நம் நாட்டில் ஏன் வளரவில்லை? பிணத்தைத் தொட்டால் தீட்டு, தோலைத் தொட்டால் தீட்டு என்றார்கள். செத்த மாட்டை அறுத்து அதன் உடம்பின் உள்ளமைப்பைக் கண்ணாரக் கண்டவனை ஊருக்கு வெளியில் வைத்தார்கள். சுலோகம் படித்தவன் கத்தியைத் தொடவில்லை. கத்தியைத் தொட்டவனைப் படிக்க விடவில்லை. இப்படியிருக்க, வைத்தியம் எங்கிருந்து வளரும்?

இனி, கையை ஒட்டுவது என்றால் என்ன என்று பார்ப்போம். நமது குடியானவர்கள் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர்கள். இரண்டு கொப்பையும் சீவி, சேர்த்து வைத்துக் கட்டிவிட்டால் செடி தானே பால் பிடித்துக்கொள்ளுகிறது. கை அப்படிப் பிடிக்காது. முதலில் எலும்பைச் சிறிது குறைத்துக் கம்பியிட்டு நிறுத்தவேண்டும். பிறகு விரலை இழுக்கும் தசைநார்களையும், உணர்ச்சி கொண்டுபோகும் நரம்புகளையும், இரத்தம் கொண்டுவரும் குழாயையும், திரும்பக் கொண்டுபோகும் குழாயையும் ஒவ்வொன்றாய்ச் சேர்க்க வேண்டும். இவைகளில் பெரிய கண்டம் இரத்தக்குழாய்தான். தையல் போட்ட இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாய்ச் செய்திருந்தாலும் கை அழுகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற வரையில் இரத்தக்குழாயை நம்பிக்கையாய்த் தைக்க உலகத்தில் யாருக்கும் தெரியாது. 1894-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து ஜனாதிபதி கார்னோவை லியோன் நகரில் ஒருவன் குத்திவிட்டான். கல்லீரலுக்குப் போகும் பெரிய குழாய் அறுந்திருந்தது. ஒரு தேசத்தின் தலைவர், எத்தனையோ டாக்டர்கள் சுற்றி நிற்க, இரத்தம் வடிந்து செத்தார்.

அதே லியோனில் அப்போது வைத்தியம் படித்துக்கொண்டிருந்த அலெக்சி காரல் என்பவரை இந்தச் சாவு உறுத்திற்று. அவ்வூர் பட்டுக்குப் பேர்போனது. பட்டில் பூவேலை செய்யும் ஒரு அம்மாளிடம் போய் மெல்லிய ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். அறுந்த குழாயின் வாயை மூன்று இடத்தில் நூல் கட்டி இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். பிறகு ஒவ்வொரு பக்கமாய் நேரே தைத்துவிடலாம். இவ்வளவுதான் சூட்சுமம். இதை அவர் 1902-ல் வெளியிட்டார். தைத்துப் பார்த்தது எதில்? நாயில். 1903-ல் ஜெர்மனியில் ஹோப்ஃப்னர் என்பவர் நாயின் காலைத் துண்டித்து மறுபடி ஒட்டிப் பார்த்து எழுதினார். பிறகு காரல் அமெரிக்காவுக்குப் போய், கத்ரி என்பவரோடு சேர்ந்து நாய்களில் குழாய், சிறுநீரகம், கால் என்று ஒட்டிக்கொண்டே போனார். 1912-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் காரல் விஷயத்தில் வேடிக்கை ஒன்று உண்டு. தையலை வெளியிட்ட அதே 1902-ல் அவர் லூர்து மாதா கோயிலுக்குப் போய், அங்கு ஒரு நோயாளி குணமானதைக் கண்டதாகச் சொல்லி, அதனால் சொந்த ஊர் வைத்தியர்களோடு மனஸ்தாபப்பட்டார். பிற்காலத்தில் மனிதர்களில் உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்று தரம் பிரித்து, வேண்டாதவர்களைத் தீர்த்துவிடலாம் என்கிற அளவுக்கு எழுதவும் எழுதினார். ஆகவே அவரை மகான் என்று நாம் கொண்டாடவில்லை. அவருடைய தையல் நல்ல தையல். அவருடைய நம்பிக்கை கெட்ட நம்பிக்கை. தையல் போடுகிறவர் லூர்தை நம்பினாலும் நம்பாவிட்டாலும் முக்கோணம் முக்கோணந்தான். லூர்தை நம்பி அறுந்த கால் ஒட்டிக்கொண்ட மனிதர் ஒருவரையும் நாம் கேள்விப்பட்டதில்லை.

நாயின் கால் ஒட்டியும் மனிதனுக்கு வர அறுபது வருஷம் ஆயிற்று. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் என்ற மருந்தை 1916-ல் நாயின் ஈரலிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். இன்று அது பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. சிறுநீரகம் கெட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளுகிற அநேகருக்கு, மடி ஆசாரம் பார்க்கிறவர்கள் உள்பட, இந்த மருந்தே ஏற்றப்படுகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லாமல் விடுவதே ஜீவகாருண்யமாய் இருக்கும். பிறகு ரஷ்யாவில் லாப்சின்ஸ்கி என்பவர், நாயின் அறுந்த காலைக் குளிரில் வைத்திருந்து, ஒருநாள் அளவு கழித்தும் ஒட்டிக் காட்டினார். அறுந்த உறுப்பு உடனே செத்துவிடுவதில்லை, குளிர்ச்சியில் காத்திருக்கும் என்பது இப்படித்தான் தெரியவந்தது.

இவ்வளவும் ஆன பிறகு, 1962-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ரயிலில் அடிபட்டுத் தோளண்டை கை அறுந்துபோன 12 வயதுப் பையனுக்கு மால்ட் என்ற டாக்டரும் அவருடைய கூட்டத்தாரும் கையை ஒட்டினார்கள். 1963 ஜனவரியில் சீனாவில் ஷாங்காய் நகரத்து டாக்டர் சென் சோங்வெய், இயந்திரத்தில் கை அறுந்த ஒரு தொழிலாளிக்கு ஒட்டினார். ஒருவன் பள்ளிப் பையன், ஒருவர் ஆலைத் தொழிலாளி, ராஜாக்களுக்கல்ல. இதைக் கவனிக்கவேண்டும்.

கை பெரிது, விரல் சிறிது. விரலின் இரத்தக்குழாய் ஒரு மில்லிமீட்டர் பருமன், சில இடத்தில் அதற்கும் குறைவு. வெறுங்கண்ணுக்கு அதில் ஊசி போகிற இடமே தெரியாது. 1960-ல் ஜேக்கப்சன் என்ற டாக்டர் மைக்ராஸ்கோப்பு வைத்துக்கொண்டு மிருகங்களின் சிறு குழாய்களைத் தைத்துக் காட்டினார். கலிபோர்னியாவில் பங்க் என்ற டாக்டர் தமது வீட்டு மோட்டார் கொட்டகையையே பரீட்சைச் சாலையாக்கிக்கொண்டு, முயலின் காதை அறுத்து ஒட்டி, ஒட்டித் தோற்று, மறுபடி ஒட்டி, கடைசியில் ஜெயித்தார். முயல் காது ஏன் என்றால், அதன் குழாய் நம் விரல் குழாய் அளவு இருக்கிறது. 1965 ஜூலையில் ஜப்பானில் நாரா என்ற ஊரில் கொமாட்சு, தமாய் என்ற இரண்டு டாக்டர்கள் முழுவதும் அறுந்த ஒரு கட்டைவிரலை ஒட்டினார்கள். இன்று விரல் தைக்கிற நைலான் நூல் தலைமயிரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருமன்.

கட்டைவிரல் என்றால் லேசாய் நினைக்கக்கூடாது. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 போயிற்று என்றும், சுட்டுவிரல் முழுதும் போனால் 14 என்றும் மதிப்புப் போட்டது. பூம்புகார் வாலிபருக்கு அந்தக் கணக்குப்படி நூற்றுக்கு 44. சம்பாதிக்கும் சக்திக்குத்தான் இந்தக் கணக்கு. சட்டைப் பித்தான் போடுவதற்கும் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதற்கும் எந்தச் சர்க்காரும் கணக்குப் போட்டதில்லை.

இதில் நம் வயற்காட்டு அட்டைக்கும் பங்கு உண்டு. ஒட்டிய விரலுக்குள் இரத்தம் வந்துவிடும், திரும்பிப் போகிற குழாய் சரியாய் வேலை செய்யாது. விரல் நீலம் பாரித்துவிடும். அப்போது அட்டையைக் கடிக்கவிட்டுத் தேங்கிய இரத்தத்தை இழுக்கிறார்கள். நடவுக்கு இறங்குகிற பெண்கள் உதறித் தள்ளுகிற ஜாதிதான். ஆனால் அதற்கென்று சுத்தமாய் வளர்த்த அட்டையை ஆஸ்பத்திரியில் விடுகிறார்கள். சேற்று அட்டையைப் பிடித்து யாரும் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

இனிப் பெரியவருடைய கேள்வியின் மறுபாதிக்கு வருவோம். மனிதனுக்குப் பிரயோஜனம் என்று சொல்லி மிருகத்தை என்ன வேண்டுமானாலும் செய்துவிடலாமா? கூடாது என்பதே நமது அபிப்பிராயம். மேல் ஜாதிக்குப் பிரயோஜனம் என்று கீழ் ஜாதியை எதுவும் செய்யலாம் என்று ஒரு காலத்தில் சாஸ்திரம் சொல்லிற்று. பலமுள்ளவன் பலமில்லாதவனை உபயோகப்படுத்திக்கொள்ள உரிமை உண்டு என்கிற நியாயத்தை ஒரு இடத்தில் ஒப்புக்கொண்டால் எல்லா இடத்திலும் அது தலைகாட்டும். ஆகையால் ஒவ்வொரு பரீட்சைக்கும் காரணம் கேட்கவேண்டும்.

இந்த விஷயத்தில் சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாருக்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிடவேண்டும். அவருடைய மற்ற அபிப்பிராயங்களில் நமக்கு எத்தனையோ வேற்றுமை உண்டு. ராஜ்ய சபையில் நியமன அங்கத்தினராயிருந்து மிருக வதைத் தடுப்புக்கு மசோதா கொண்டுவந்தார். அதன் பயனாக 1960-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் உள்ள விதிகளைப் படித்தால் அநேகருக்கு ஆச்சரியமாயிருக்கும். பரீட்சையின்போது மயக்க மருந்து கொடுக்கவேண்டும். புஸ்தகம், மாதிரி உருவம், சினிமாப் படம் இவைகளால் சொல்லிக்கொடுக்கக்கூடியதற்கு மிருகத்தைத் தொடக்கூடாது. சிறிய மிருகத்தில் முடிகிற காரியத்துக்குப் பெரிய மிருகத்தை எடுக்கக்கூடாது. வெறும் கைப்பழக்கத்துக்காகக் கூடியவரையில் பரீட்சை செய்யக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதற்கென்று ஒரு கமிட்டியும், 1998-ல் விவரமான விதிகளும் ஏற்பட்டன.

கைப்பழக்கத்துக்கு இன்று வேறு வழி இருக்கிறது என்பதுதான் சந்தோஷமான சங்கதி. கறிக்கடையில் வாங்கின கோழித் தொடையில் உள்ள குழாயும், பிரசவத்தில் கழிந்து புதைக்கப்போகிற நஞ்சுக்கொடியில் உள்ள குழாயும் மைக்ராஸ்கோப்பின் கீழ் தைத்துப் பழகுவதற்கு உதவுகின்றன. ரப்பர் குழாயிலும் ஆரம்பப் பாடம் படிக்கிறார்கள். பூசணிக்காயில் பழகு என்று சொன்ன பழைய புத்தி இப்போது நல்ல உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

மிருகம் சொல்லுகிற சாட்சியும் முழுச் சாட்சியல்ல. எலிக்கு அறுந்த நரம்பு வெகு சீக்கிரத்தில் வளர்ந்துவிடுகிறது. மனிதனுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முழங்கையண்டை அறுந்தால் விரல் நுனிக்கு உணர்ச்சி வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். எலியில் பலித்ததை அப்படியே நம்பி மனிதனுக்கு வாக்குக் கொடுத்தால் மோசம் போகவேண்டியதுதான். அன்றியும், ஒட்டிய காலில் நாய் நடந்ததா என்று பார்க்கலாம். கையில் இருப்பது நெல்லா உமியா என்று தெரிகிறதா என்று நாயைக் கேட்க முடியாது.

இருந்தாலும், உயிருள்ள உடம்பிலன்றி வேறெதிலும் தெரிந்துகொள்ள முடியாதவை சில உண்டு. இரத்தம் நின்றுபோன சதை எத்தனை மணி நேரம் தாங்கும்? மறுபடி இரத்தம் பாய்ந்தவுடன் செத்த சதையிலிருந்து கிளம்புகிற விஷம் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் எப்படித் தாக்கும்? இவைகளைக் கோழித் தொடை சொல்லாது. நேரம் கடந்த பிறகு பெரிய கையையோ காலையோ ஒட்டினால், கை பிழைத்து ஆள் செத்துப்போவதும் உண்டு என்பதை மிருகங்களில் பார்த்தே தெளிவாய் அறிந்தார்கள். ஆதலால் டாக்டர் "ஒட்டமாட்டேன்" என்று சொல்லும்போதெல்லாம் கல்நெஞ்சக்காரர் என்று திட்டவேண்டியதில்லை. இப்போது பன்றியின் அறுந்த காலுக்குள் இயந்திரத்தின்மூலம் இரத்தம் ஓட்டி, 12 மணி நேரம் உயிர்ப்போடு வைத்திருந்து பரீட்சை செய்கிறார்கள். அது மனிதனுக்குப் பலித்தால் பூம்புகாருக்கும் சென்னைக்கும் உள்ள தூரம் பாதியாய்க் குறைந்த மாதிரி.

வேறொருவருடைய கையை எடுத்து ஒட்டுவது இன்னொரு சங்கதி. அந்நியக் கையை உடம்பு சத்துருவாய் நினைத்துத் தள்ளும். அதை அடக்கும் மருந்துகளை முதலில் பன்றிகளில் பார்த்தார்கள். 1998-ல் லியோனில் மனிதனுக்குச் செய்தார்கள். 2015-ல் கொச்சியிலும், 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் இரண்டு கையையும் இழந்தவர்களுக்கு இறந்தவர்களுடைய கைகளைப் பொருத்தினார்கள். கை பெற்றவர் ஆயுள் பூராவும் மாத்திரை சாப்பிடவேண்டும். ஆட்டுத் தலையும் யானைத் தலையும் மாத்திரையில்லாமலே ஒட்டிக்கொண்டன என்று சொல்லுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு நமக்குத் தோன்றுவது இதுதான். அந்த நாய்களையும் முயல்களையும் இனி உயிர்ப்பிக்க முடியாது. அவைகளைக் கொண்டு கண்ட உண்மை ஒரு தொழிலாளியின் விரலைக் காப்பாற்றினால் அவை செத்ததற்கு ஓர் அர்த்தம் உண்டு. அந்த உண்மையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, பூம்புகாரில் விரலை மீன் ஐஸில் புதைக்கும்படி ஜனங்களை விட்டுவைத்தோமானால், நாயையும் வீணாய்க் கொன்றோம், வாலிபனையும் வீணாய் முடமாக்கினோம். பெரியவர் கேட்கிற பாவம் என்ற சொல்லை உபயோகிக்கத்தான் வேண்டுமென்றால், இதற்கு உபயோகிக்கலாம்.

கணக்குச் சாதாரணக் கணக்கு. சதையுள்ள கை, கால் சாதாரண வெப்பத்தில் சுமார் 6 மணி நேரந்தான் தாங்கும். குளிர்ச்சியில் சுமார் 12 மணி. விரலில் சதை அதிகமில்லாததால் குளிர்ச்சியில் ஒருநாள் வரையிலும் தாங்கும். பூம்புகாரிலிருந்து தஞ்சாவூர் சுமார் 60 மைல். புதுச்சேரியும் ஏறக்குறைய அவ்வளவே. சென்னை 150 மைலுக்கு மேல். கோயமுத்தூர் 200 மைலுக்கு மேல். கை ஒட்டுவதில் பேர்பெற்ற ஸ்டான்லியும் கங்கா ஆஸ்பத்திரியும் இருப்பது கடைசியில் சொன்ன இரண்டு ஊரில். நேரே போனால் எங்கும் போய்ச் சேரலாம். ஒவ்வொரு ஊராய் இறங்கி, சீட்டு எழுதி, கட்டுப் பிரித்துக் கட்டி, வேறு வண்டி பிடித்துப் போனால் தஞ்சாவூருக்குள்ளேயே 6 மணி நேரம் முடிந்துவிடும். அன்று இரவு எந்த ஆஸ்பத்திரியில் குழாய் தைக்கிற டாக்டர் தயாராயிருக்கிறார் என்பதை 108 வண்டிக்காரர் டெலிபோனில் கேட்டு, நேரே அங்கு கொண்டுபோக ஏற்பாடு வேண்டும். உலகத்துக்கே அரிசி கொடுத்ததாய்ப் பெருமை பேசப்படுகிற காவிரி ஜில்லாக்களில் ஓர் இடத்திலாவது இரவும் பகலும் அந்த வேலை நடக்கவேண்டும். கதிரடிக்கிற இயந்திரத்திலும் ரம்பத்திலும் மூடி போடாமல் ஆளை நிறுத்துகிற முதலாளியைக் கேட்கவேண்டும். ஆபத்தான இயந்திரங்களுக்கென்று 1983-லேயே ஒரு சட்டம் வந்தது. ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடம் சிலைக்கும் வளைவுக்கும் பதில் இவைகளைக் கேட்டுப் பாருங்கள்.

அன்று பஸ் வருவதற்குள் டீக்கடையில் நாம் சொல்ல முடிந்தது முறையை மாத்திரந்தான். காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயரத் தூக்கி வைக்கவேண்டும். மஞ்சள் தூள், காப்பிப் பொடி, சாம்பல், மண்ணெண்ணெய் ஒன்றும் கூடாது. தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்துவிடக்கூடாது. அறுந்த பாகம் எவ்வளவு நசுங்கியிருந்தாலும் எடுத்துக்கொள்ளவேண்டும். வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் சொல்லட்டும். அழுக்கிருந்தால் சுத்தமான தண்ணீரில் இலேசாய்க் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டவேண்டும். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வைக்கவேண்டும். ஐஸ் விரலின்மேல் படக்கூடாது. பட்டால் சதை விறைத்துச் செத்துவிடும். அடிபட்டவருக்குச் சோடா, டீ, சோறு ஒன்றும் கொடுக்கக்கூடாது. மயக்க மருந்து கொடுக்கவேண்டியிருக்கும்.

ஐஸ் கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துக் கொடுத்தார், இதையெல்லாம் எழுதி மாட்டிவிடலாம் என்று. யார் எழுதுவது என்று பார்த்தபோது அந்த வாலிபரே வாங்கிக்கொண்டு இடது கையால் எழுதத் தொடங்கினார். நாம் சொன்ன வரிசையில் அவர் எழுதவில்லை. "ஐஸில் நேராப் போடாதே" என்பதை எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அப்புறம் என்ன என்று நம்மைக் கேட்டார்.